விலாசமும் புள்ளியும்: கணினி வரைபடங்கள் காட்டும் இடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒரு நிலம் எங்கே இருக்கின்றது என்று கேட்டால் நமது குடியானவர் இரண்டு விதமாய் விடை கூறுவது வழக்கம். கேட்பவர் உள்ளூராராயின் ஏரி மதகுக்குக் கிழக்கே, புளியமரத்தை ஒட்டிய வயல் என்பார். கேட்பவர் சர்க்கார் உத்தியோகஸ்தராயின் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைச் சொல்லுவார். இவ்விரண்டுமே நெடுங்காலம் போதுமானவையாக இருந்துவந்தன. இப்பொழுது மூன்றாவதொரு விதமும் வந்து சேர்ந்திருக்கின்றது. பயிர்க் கணக்கெடுப்பிலும், பயிர் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்திலும், வெள்ளச் சேத விவரத்திலும், அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் குறிப்பது வழக்கமாகி வருகின்றது. கைப்பேசியின் திரையில் ஒரு சிவப்புக் குறி விழுந்தால், அதுவே அந்த வயல் என்று பலரும் கொண்டுவிடுகின்றனர். அக்குறி எந்த ஆதாரத்தின்பேரில் விழுந்தது என்று கேட்பார் மிகச் சிலரே.

இவ்வெண்கள் பிறக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, ஒருவர் கருவியுடன் அவ்விடத்திலேயே நின்று வானத்திலுள்ள செயற்கைக் கோள்களின் உதவியால் அளப்பது. இரண்டாவது, ஒருவரும் அவ்விடத்துக்குச் செல்லாமலே, எழுதிய விலாசத்தைக் கொண்டு கணினி இடத்தைக் கணித்துக் கூறுவது. இவ்விரண்டாவது முறைக்கு ஜியோகோடிங் என்று பெயர். விலாசத்தைப் புள்ளியாக்குதல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வழியில் பிறந்த எண்களும் பார்வைக்கு ஒரே மாதிரியாகவே இருக்கும். தரத்திலோ இவற்றிடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

கணினி விலாசத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கதவு எண், தெரு, ஊர், தாலுகா, ஜில்லா, தபால் பின்கோடு என்ற வரிசையில் தன்னிடமுள்ள ஜாபிதாக்களில் தேடும். கதவு எண் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தெருவோடு நின்றுவிடும். தெருவும் கிடைக்காவிட்டால் ஊர். ஊரும் சரிவரத் தெரியாவிட்டால் பின்கோடு அல்லது ஜில்லா. எந்தப் படியில் நின்றாலும் அது ஒரு புள்ளியை வைத்தே தீரும்; 'எனக்குத் தெரியவில்லை' என்று கை விரிப்பது அருமை. கதவெண்ணைக் கண்டு வைத்த புள்ளிக்கும் ஜில்லாவின் பெயரை மாத்திரம் கண்டு வைத்த புள்ளிக்கும் திரையில் வேற்றுமை தெரியாது என்பதே இதிலுள்ள முக்கியமான தொந்தரவு.

ஆனால் கணினி தன் விடையோடு தரத்தையும் சொல்லாமலில்லை. கூகிள் நிறுவனத்தார் நிரலெழுதுவோருக்கு அளிக்கும் விடையில் நான்கு தரங்கள் உண்டு. 'ரூஃப்டாப்' என்பது முதல் தரம். குறிப்பிட்ட கட்டிடமே அடையாளம் காணப்பட்டது என்று இதற்குப் பொருள். 'ரேஞ்ஜ் இன்டர்பொலேட்டட்' என்பது தெருவின் இரு முனைகளிலுள்ள கதவெண்களைக் கொண்டு நடுவிலுள்ள எண்ணை உத்தேசமாகப் பங்கிட்டு வைப்பது. 'ஜியோமெட்ரிக் சென்டர்' என்பது ஒரு தெருவின் அல்லது ஒரு வட்டாரத்தின் நடு. 'அப்ராக்ஸிமேட்' என்பது கடைத்தரம். ஊர் இன்னதென்று மாத்திரம் தெரியும் என்பதாகும். இவையன்றி, கேட்ட விலாசத்தில் ஒரு பகுதிதான் பொருந்திற்று என்று எச்சரிக்கும் குறிப்பொன்றும் விடையில் வருவதுண்டு. காரியாலயங்களில் பட்டியல் தயாரிப்போர் அநேகமாய் இவ்விரண்டு குறிப்புகளையும் நீக்கிவிட்டு, எண்களை மட்டும் நகல் செய்துகொள்ளுகின்றனர். நெல்லை வைத்துக்கொண்டு மூட்டையின் மேலுள்ள ரகச் சீட்டைக் கிழித்தெறிவதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாம் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். இருநூறு மீட்டர் நீளமுள்ள தெரு ஒன்றில் கதவெண்கள் 1 முதல் 100 வரை ஒழுங்காய் ஓடுமாயின், 50-ஆம் எண் ஏறக்குறைய நூறாவது மீட்டரில் இருக்கும் என்று கொள்வது தவறாகாது. அமெரிக்காவில் 1990-ஆம் வருஷத்துக் குடிமதிப்புக்கென்று தயாரித்த தெருப்படங்கள் இவ்வாறு தெருவுக்குத் தெரு எண்களின் வரம்பைக் குறித்துவைத்தன; முறை அங்கே பொருந்திற்று. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகைகளைக் காணலாம். 12-க்கு அடுத்தது 12-ஏ, அதற்கடுத்தது 12/3 என்றிருக்கும். இத்தகைய தெருவில் கணினி போடும் பங்கீடு, எண்ணிப் பாராமல் களத்து நெல்லை மதிப்பிடுவது போன்றதே.

ஊர்ப் பெயர்களால் விளையும் குழப்பம் இதனினும் பெரிது. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடலோரப் பிரதேசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணூரையடுத்துப் பெரியகுப்பம் என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. திருவள்ளூர் நகரத்திலும் பெரியகுப்பம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் இருக்கின்றது. எண்ணூரை உள்ளிட்ட திருவொற்றியூர் தாலுகா 2018-ஆம் வருஷத்தில்தான் சென்னை ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அது திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே பழைய தஸ்தாவேஜு ஒன்றில் 'பெரியகுப்பம், திருவள்ளூர் ஜில்லா' என்றிருந்தால், கணினி எதை எடுத்துக்கொள்ளும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தபோது, சின்னக்குப்பம், பெரியகுப்பம் முதலிய ஊர்களின் ஜனங்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். அவ்வித வேளையில் உதவி கேட்கும் ஒருவர் சொல்லும் ஊர்ப் பெயர் எந்தப் புள்ளியாக மாறுகிறது என்பது விளையாட்டான காரியமன்று.

அத்திப்பட்டின் சங்கதியும் இதைப் போன்றதே. வடசென்னை அனல் மின் நிலையம் அமைந்துள்ள அத்திப்பட்டு பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்து மற்றோர் அத்திப்பட்டு இருக்கின்றது. 2018 வரை இரண்டும் ஒரே ஜில்லாவில் இருந்தன. ஜில்லாவின் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும். தாலுகாவின் பெயரையும் பின்கோட்டையும் சேர்த்தே எழுதவேண்டும். ராயபுரத்துக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019, எண்ணூருக்கு 600057 என்றிவ்வாறு பின்கோடுகள் தனித்தனியே இருக்கின்றன. 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஏற்பட்ட இந்த முறை கடிதம் பிரிப்பதற்காக வகுத்ததேயன்றி நிலம் காட்டுவதற்காக வகுத்ததன்று. ஆயினும் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களைப் பிரித்தறிய அது நன்கு உதவும்.

தெருக்களே இல்லாமற் போவதும் இக்கரையில் உண்டு. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் முதல் கடல் கரையை அரித்துக்கொண்டு வந்தது. குப்பங்களில் வீடுகளையும் வீதிகளையும் அலை கொண்டுபோன இடங்கள் உண்டு. ஆனால் அவ்வீதிகளின் பெயர்கள் பழைய ஜாபிதாக்களில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அவற்றை நம்பி வைக்கும் புள்ளி, தண்ணீரிலோ கற்குவியலிலோ விழும்.

இனி, நமது மிராசுதார்களுக்கு நேரே பட்டதான விஷயத்துக்கு வருவோம். மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் சென்னை நகருக்காகவும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதனால், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் மேற்கு நோக்கிப் புகுந்தது யாவரும் அறிந்ததே. அப்பகுதியில் கிணற்று நீரைச் சோதித்து, எந்தக் கிணறு உவர்ப்பு, எந்தக் கிணறு நல்ல நீர் என்று படத்தில் குறித்து வருவதே உவர்ப்பின் போக்கை அறியும் வழி. கிராமத்தின் விஸ்தீரணம் ஐந்து சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே விஸ்தீரணமுள்ள வட்டத்தை வரைந்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். சோதனைக்கு அனுப்பிய புட்டியின் மேல் கிராமத்தின் பெயர் மாத்திரம் எழுதியிருந்தால், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் உப்பேறிப்போன கிணறும், ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னும் நெல்லுக்குப் பாயும் கிணறும், படத்தில் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடும். இரண்டின் சராசரியைப் போட்டு ஊர் முழுதும் மத்திம உவர்ப்பு என்று ஒரு அறிக்கை பிறக்கும். அந்த முடிவு கால்வாய்க் கரைக்காரருக்கும் பொருந்தாது, மேற்கு வெளிக்காரருக்கும் பொருந்தாது. உவர்ப்பு எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதோ அடியோடு மறைந்துபோகும். நீர் மாதிரி எடுக்கும்போது கிணற்று மேட்டிலேயே நின்று எண்களைக் குறித்தனுப்புவது அற்பச் சிரமமே.

கடைத்தரப் புள்ளியால் நேர்ந்த கஷ்டத்துக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லத்தக்கது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் பாட்வின் என்னும் சிற்றூரையடுத்து ஒரு பண்ணை உண்டு. கணினிகளின் இணைய எண்ணைக் கொண்டு இடம் சொல்லும் நிறுவனம் ஒன்று, நாடு அமெரிக்கா என்பதற்கு மேல் ஏதும் தெரியாதவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுவை உத்தேசித்து, 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்ற முழு எண்களைக் கொடுத்து வந்தது. அப்புள்ளி இப்பண்ணையில் விழுந்தது. பல ஆண்டுகள் போலீஸாரும், பணம் பறிகொடுத்தவர்களும், காணாமற்போனவர்களைத் தேடுவோரும் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். காரணம் 2016-ஆம் வருஷத்தில்தான் வெளியாயிற்று. பின்பு நிறுவனத்தார் புள்ளியை ஒரு நீர்நிலையின் நடுவுக்கு மாற்றினர். பண்ணைக்காரர் செய்த குற்றம், முழு எண்கள் சந்திக்கும் இடத்தில் குடியிருந்தது ஒன்றே.

எண்களின் நீளத்தைக் கண்டு ஏமாறலாகாது. நமது பிரதேசத்தில் அட்சரேகை ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தீர்க்கரேகை ஒரு பாகை 108 கிலோமீட்டர். எனவே தசமப் புள்ளிக்குப்பின் இரண்டு தானம் எழுதினால் ஒரு கிலோமீட்டரளவு, மூன்று தானத்துக்கு நூறு மீட்டரளவு, நான்கு தானத்துக்குப் பதினோரு மீட்டர், ஐந்து தானத்துக்கு ஒரு மீட்டர் என்று நுட்பம் ஏறிக்கொண்டு போகும். ஏழு தானம் எழுதினால் ஒரு சென்டிமீட்டர் ஆகும். கணினியோ ஊரின் நடுவை உத்தேசமாய் வைக்கும்போதும் ஏழு தானம் எழுதிக் காட்டும். ஊருக்குப் போக எத்தனை தூரம் என்று கேட்டவனுக்கு, பத்துக் கல், மூன்று அடி, இரண்டு விரற்கடை என்று விடை கூறுவது போன்றதே இது. மற்றொன்று: 13.2, 80.3 என்றிருக்கவேண்டிய எண்ணூரின் எண்களை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டால், அவ்விடம் வடதுருவத்தை நோக்கி ஸ்வால்பார்ட் தீவுகளையடுத்த பனிக்கடலில் போய் விழும். இரண்டு கட்டங்களையும் வெறுமையாய் விட்டு, கணினி அவற்றைப் பூஜ்யமாகக் கொண்டுவிட்டால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழும். நமது ஜில்லாக்களின் பட்டியல்களையும் ஒருமுறை இக்கண்கொண்டு பார்ப்பது நலம்.

தபால் இலாகாவார் 2025-ஆம் வருஷம் மே 27-ந் தேதி வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்தெழுத்துக் குறியைப் பற்றியும் பலர் விசாரிக்கின்றனர். இந்தியா முழுவதையும் அடக்கிய ஒரு பெருஞ்சதுரத்தைப் பதினாறு கட்டங்களாக்கி, அவற்றில் ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக்கி, இவ்வாறு பத்து முறை பிரிப்பது இதன் வகை. கணக்கிட்டுப் பார்த்தால், ஆறெழுத்து வரையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்ச் சதுரம். எட்டெழுத்துக்கு அறுபது மீட்டர்ச் சதுரம், அதாவது ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பதெழுத்துக்கு ஆறு சென்ட். பத்தெழுத்தும் சேர்ந்தால் நாலு மீட்டருக்குட்பட்ட கட்டம், அரை சென்டுக்கும் குறைவு. குடியானவருக்கு இவ்வளவு ஒழுங்காய்ப் பொருந்தும் அளவு வேறொன்றில்லை என்றே சொல்லலாம். ஆனால் இது அட்சரேகை தீர்க்கரேகைகளை வேறு எழுத்தில் எழுதுவதேயாகும். மூல எண்கள் ஊரின் நடுவைக் குறித்தனவாயின், பத்தெழுத்துக் குறியும் ஊரின் நடுவில் அரை சென்டைத்தான் காட்டும்.

நேரில் நின்று அளப்பதற்கும் எல்லையுண்டு. 2000-ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தார் தமது செயற்கைக் கோள்களின் குறிப்பில் வேண்டுமென்று கலந்துவந்த பிழையை நீக்கினர். அதன்பின் சாதாரண மனிதனுக்கும் நல்ல அளவு கிடைக்கலாயிற்று. திறந்த வானத்தின்கீழ்க் கைப்பேசி ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். திரையில் புள்ளியைச் சுற்றித் தோன்றும் நீல வட்டம் இப்பிழையின் அளவே. ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகளில் அவ்வட்டத்துக்குள் நாம் இருப்பது மூன்றில் இரண்டு முறையே நிச்சயம். மூன்றாவது முறை வெளியே இருக்கக்கூடும். தென்னந்தோப்புக்குள்ளும், தகரக் கொட்டகையின் அருகிலும், துறைமுகச் சாலைகளில் இரும்புக் கன்டெய்னர்கள் அடுக்கிய இடங்களிலும் சமிக்ஞை எதிரொலித்து வட்டம் பெருக்கும்.

ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய இரண்டு சென்ட் நிலத்தை அடக்கும். ஓர் ஏக்கர்ச் சதுர வயலின் பக்கம் 63 மீட்டர். இருபது சென்ட் வயலின் பக்கம் 28 மீட்டர். ஆகவே இன்ன வயலில் இன்ன பயிர் என்று பதிவு செய்வதற்குக் கைப்பேசி தாராளமாய்ப் போதும். வரப்பின்மேல் நிற்காமல் வயலின் நடுவே நிற்கவேண்டுமென்பதே நிபந்தனை. வரப்பில் நின்றெடுத்த படம் அடுத்தவர் சர்வே எண்ணில் விழுந்து, நெற்பயிர்க்காரருக்கு இன்ஷூரன்ஸ் மறுக்கப்படவும் தரிசுக்காரர் பெயரில் பயிர் ஏறவும் இடமுண்டு. ஆனால் இரண்டு அடி வரப்பு யாருடையது என்ற வழக்குக்கு இக்கருவி அறவே உதவாது. கைப்பேசியைக் காட்டிக் கல்லைப் பிடுங்குவோர் இதை நன்றாய் மனதில் வைக்கவேண்டும். 1923-ஆம் வருஷத்து 8-வது சட்டமாகிய சர்வே எல்லைச் சட்டத்தின்படி நாட்டிய கல்லும், புலப்படப் புத்தகத்தின் அளவுகளுமே எல்லைக்கு ஆதாரம். சந்தேகமுள்ளவர் தாலுகா காரியாலயத்தில் மனுச் செய்து சர்வேயரைக் கொண்டு அளந்துகொள்வதே தக்கது. இந்திய சர்வே இலாகாவார் நிறுவியுள்ள நிரந்தரத் தளங்களின் திருத்தக் குறிப்பைப் பெறும் கருவிகள் சில சென்டிமீட்டருக்குள் அளக்கின்றன. அவை சர்வேயரின் கையில் இருக்கும், நமது சட்டைப்பையில் அல்ல.

பழைய படங்களைப் புதிய படங்களின்மேல் பொருத்துவோருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் நுட்ப அளவைக்கு அஸ்திவாரமான கோடு சென்னைக்குத் தெற்கே பரங்கிமலைக்கருகில் 1802-ஆம் வருஷத்தில் வில்லியம் லாம்டன் அளந்ததாகும். அவர் தருவித்த அரை டன் நிறையுள்ள கோணமானி கடலில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரிஷியஸுக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்தது. அவ்வளவையின் வழியே வந்த எவரெஸ்ட் கோளவடிவக் கணக்கை இந்தியப் படங்கள் நெடுங்காலம் பின்பற்றின. செயற்கைக் கோள்களின் கணக்கு வேறு. 2005-ஆம் வருஷத்துத் தேசியப் படக் கொள்கைக்குப் பின்னரே பொதுஜனங்களுக்கான படங்கள் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டன. பழைய படத்தில் படித்த எண்களை அப்படியே கைப்பேசியில் இட்டால் புள்ளி நூறு மீட்டர் அளவில் விலகி நிற்கும். கல் நகரவில்லை; கணக்கு மாத்திரம் மாறியிருக்கின்றது.

கைப்பேசியில் விலாசத்தைத் தேடுவோர் தரத்தை எளிதில் ஊகிக்க ஒரு வழியுண்டு. விடையாக வரும் விலாசத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். நாம் இட்ட கதவெண் அதில் இல்லாவிடில் கணினி தெருவோடு நின்றுவிட்டது. தெருவும் இல்லாவிடில் ஊரோடு நின்றுவிட்டது. ஊரைச் சுற்றி எல்லைக்கோடு மாத்திரம் தெரியுமாயின் அது கடைத்தரமே. சர்வே எண்ணை இட்டுத் தேடுவோருக்கும் பெரும்பாலும் இக்கடைத்தரமே கிடைக்கும். ஏனெனில் இவ்வரைபடங்கள் தெருவும் கதவெண்ணும் அறிந்தவையேயன்றி நமது 'அ' பதிவேட்டை அறிந்தவையல்ல.

கிராம நிர்வாக அலுவலர்கள் பதிவேட்டில் எண்களை எழுதும்போது, கிராமம், தாலுகா, சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றின் பக்கத்தில், எண்கள் நேரில் அளந்தவையா, விலாசத்திலிருந்து பெற்றவையா என்பதையும், நேரில் அளந்தவையாயின் நீல வட்டத்தின் ஆரத்தையும், விலாசத்திலிருந்து பெற்றவையாயின் நால்வகைத் தரத்துள் இன்னதென்பதையும், தேதியுடன் குறிக்கவேண்டும். எண்ணூர்க் கழிமுகம் போன்ற இடங்களில் நேரத்தையும் குறிப்பது அவசியம். அங்கே கொசஸ்தலையாற்று நீரும் கடல் ஏற்றவற்றமும் கூடி, காலையில் சேறாயிருந்த இடம் மாலையில் தண்ணீராகிவிடும். அக்கழிமுகத்தின் பரப்பைப் பற்றி 1996-ஆம் வருஷத்தில் அங்கீகரிக்கப்பட்ட கரையோரப் படம் ஒருவிதமாகவும், பின்னர் வழங்கிய படம் வேறுவிதமாகவும் இருப்பதாக 2017-ஆம் வருஷத்தில் மீனவர்கள் முறையிட்டனர். நீர்விளிம்பைக் குறிக்கச் செல்வோர் ஏற்றத்தின்போது ஒருமுறையும் வற்றத்தின்போது ஒருமுறையும் அதே இடத்தில் நின்று எண்களை எடுத்து, இரண்டையும் நேரத்துடன் தனித்தனி வரியில் எழுதிவைப்பார்களாக.